‘ஓகே சார்’ என்றால் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை, தம்பி

கோத்தகிரித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: குன்னூர் தேயிலை ஃபேக்டரியில் எட்டு வருஷம் டீ மேக்கர். இப்போது துபாய் ஜெபல் அலியில், தேயிலை கலக்கும் இடத்தில் 14 பேருக்குப் பொறுப்பு. கென்யா, பிலிப்பைன்ஸ், பாகிஸ்தான், கேரளா ஆட்கள். எல்லாவற்றுக்கும் ‘ஓகே சார்’ வருகிறது, வேலை வேறு மாதிரி முடிகிறது. வாரம் ஒருமுறை டைரக்டரிடம் 10 நிமிஷம் பேசவும் திணறல்.

தம்பி, ஊர் ஃபேக்டரியில் பாதி வேலையைப் பழக்கமே பார்த்துக்கொள்ளும். வாடிய கொழுந்தை உள்ளங்கையில் அமுக்கிப் பார்த்து நீங்க தலையசைத்தால் மெஷின்காரருக்குப் போதும். இங்கே அந்தத் தலையசைப்பு செல்லாது. ‘நாலு மூட்டை போடு’ என்று சொல்லாதீங்க. நாட்டுக்கு நாடு மூட்டை எடை மாறும், கலவை கெட்டுப்போகும். லாட் (ஒரே தொகுதியாக வந்த இலை) எண், கிலோ, கொட்டும் வரிசை மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்க. ‘புரிஞ்சுதா?’ வேண்டாம். ‘முதல்ல எந்த லாட்டைக் கொட்டுவீங்க?’ என்று கேளுங்க. தப்பு அந்த நிமிஷமே வெளியே வரும்.

ருசி பார்க்கும் மேசையில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். 100 மி.லி. கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிஷம் ஊறணும். எல்லாக் கோப்பைக்கும் ஒரே தண்ணீர். லாட் எண்ணைக் கோப்பைக்கு அடியில் ஒட்டுங்க. எல்லாரும் முதலில் துண்டுச் சீட்டில் எழுதட்டும். பிறகு வயதில் சின்னவர் முதலில் பேச வேண்டும், நீங்க கடைசியில். பொறுப்பாளர் முதலில் ‘நல்லா இருக்கு’ என்றால் மற்ற 14 நாக்கும் அதையே சொல்லும். கென்யாக்காரர் கண்டுபிடித்த புகை வாடை அவர் வாயிலேயே தங்கிவிடும். ஒரு கன்டெய்னர் திரும்பி வருவதற்கு அது போதும்.

டைரக்டருக்கு நடந்த கதை தேவையில்லை. முதல் வாக்கியத்திலேயே முடிவு, அடுத்து பணம், அடுத்து ஆபத்து, கடைசியில் அவரிடம் உங்களுக்கு வேண்டியது. ‘மொம்பாசா லாட் தாமதம், நீலகிரி இலையை 10 சதவீதம் கூட்டலாம், கிலோவுக்கு இவ்வளவு செலவு ஏறும், புதன்கிழமைக்குள் உங்க சம்மதம் வேணும்.’ நாணயக் கணக்கும் கையில் இருக்கட்டும். கென்யாவின் மொம்பாசா தேயிலை ஏலம் டாலரில், இங்கத்த பணமான திர்ஹமும் ஒரு டாலருக்கு 3.6725 என்று டாலரோடு கட்டப்பட்டது. குன்னூர் இலைக்கு மட்டும் ரூபாய் ஏற்ற இறக்கம் உண்டு, அவர் அதைத்தான் கேட்பார். கெட்ட செய்தியை வாராந்தரக் கூட்டம் வரை வைத்திருக்காதீங்க. அன்றைக்கே சொல்லுங்க.

சென்னையில் பிறந்த இந்திரா நூயி 2006 முதல் 2018 வரை பெப்சிகோவின் தலைமை நிர்வாகி. தன் மூத்த அதிகாரிகளின் பெற்றோருக்கு, பிள்ளை செய்யும் நல்ல வேலையைப் பற்றி அவரே கடிதம் எழுதினார். இதில் எனக்கு ரொம்ப மதிப்பு உண்டு. உங்க 14 பேரில் பலருக்குக் குடும்பம் கடலுக்கு அந்தப் பக்கம். ஒருவர் செய்த நல்ல வேலையைக் குறிப்பாகச் சொல்லி நாலு வரி எழுதிக் கொடுங்க. அவர் அதை அன்றிரவே வீட்டுக்கு அனுப்புவார்.

ரமலானில் இங்கே வேலை நேரம் நாளுக்கு 2 மணி குறையும். நோன்பு இருப்பவருக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும். அந்த மாத லோடிங் தேதிகளை முந்தின மாதமே வாங்குபவரிடம் பேசி மாற்றி வாங்கிடுங்க.