நூலகர் பதில்கள்: சுருக்கத்தை நம்பலாமா?

கேள்வி: முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். படிக்க வேண்டிய கட்டுரைகள் மலையாகக் குவிந்திருக்கின்றன. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நொடியில் சுருக்கம் தந்துவிடுகின்றன. அதை மட்டும் படித்து மேற்கோள் காட்டலாமா, ஐயா?

– ஒரு மாணவி, திருச்சி

பதில்: எதைப் படிப்பது, எதைத் தள்ளுவது என்று பொறுக்குவதற்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், அம்மா. மேற்கோளுக்கு? கூடவே கூடாது.

1907 முதல் வெளிவந்த ‘கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ தொகுதிகளைத் தூக்கி அடுக்கியே தோள் வலித்தவன் நான். அதிலிருந்தவை வேதியியல் அறிந்தவர்கள் படித்து எழுதிய சுருக்கங்கள். அந்த வேலையை இயந்திரத்திடம் விடும் ஆசையும் பழையதுதான். 1958-இல் ஐபிஎம்மின் ஹான்ஸ் பீட்டர் லூன், 704 கணினியைக் கொண்டு அதைச் செய்து காட்டினார். எங்கும் வரும் பொதுச் சொற்களை ஒதுக்கிவிட்டு, கட்டுரையில் அடிக்கடி வரும் மற்ற சொற்களை அது எண்ணும். அவை நெருங்கி நிற்கும் வாக்கியங்களுக்கு மதிப்பெண் போடும். முந்தி நிற்பவற்றை அப்படியே எடுத்து அச்சிடும். கோவையாக இருக்காது. ஆனால் ஒவ்வொரு வரியும் ஆசிரியரின் சொந்த வரி. (கடன் அட்டை எண்ணைச் சரிபார்க்கும் கணக்கும் இதே லூனுடையதுதான். மனிதர் சும்மா இருந்ததே இல்லை!)

இன்றைய செயலிகளோ தாமாகவே எழுதுகின்றன. நடை வழுக்கிக்கொண்டு போகும், வில்லங்கமும் அதில்தான். ‘இச்சோதனையில் பங்கேற்ற நோயாளிகளிடம் வலி குறைந்தது’ என்று ஆய்வாளர் அடக்கி வாசித்திருப்பார். சுருக்கத்தில் அது ‘இம்மருந்து வலியைக் குறைக்கிறது’ என்று நிமிர்ந்து நிற்கும். யாரிடம், எப்போது என்பதெல்லாம் காற்றோடு போய்விடும். 2025-இல் ‘ராயல் சொசைட்டி ஓப்பன் சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, 10 மொழி மாதிரிகள் (இத்தகைய செயலிகளை இயக்கும் மென்பொருள்கள்) எழுதிய 4,900 சுருக்கங்களை மூலத்தோடு ஒப்பிட்டது. பெரும்பாலான மாதிரிகளிடம் இந்த மிகைப்படுத்தல் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், ‘துல்லியமாக எழுது’ என்று கேட்டுக்கொண்டபோது அது இன்னும் கூடியது!

எனவே, சுருக்கம் பிடித்துப்போன கட்டுரையைத் திறந்து நேரே ஆய்வுமுறைப் பகுதிக்குப் போங்கள். எத்தனை பேர், எவ்வளவு காலம், எதோடு ஒப்பிட்டார்கள் என்று உங்கள் கையால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, முடிவுரைக்குச் சற்று முன்னால் ஆய்வாளர் தம் குறைகளைத் தாமே ஒப்புக்கொள்ளும் பத்தியைத் தேடுங்கள். பலரும் தாண்டிப்போகும் இடம் அது. வாய்மொழித் தேர்வுக்கு வரும் பேராசிரியர் கேள்வியை எடுப்பதும் அங்கிருந்துதான்.