வாரம் 220 வெள்ளி கட்டுப்படியாகவில்லை என்றால்

செந்தூல் சகோதரிக்கு, 4,500 வெள்ளி (ரிங்கிட்) மாதச் சம்பளத்தில் மனநல ஆலோசகருக்கே வாரம் 220 போகிறது, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். சட்டென்று நிறுத்தாதீர்கள். காசு விஷயத்தை அவரிடமே சொல்லி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதுமா என்று கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாதம் 440 வெள்ளி கையில் நிற்கும்.

மருந்துக்கு அரசாங்கப் பக்கம் போங்கள். கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்க சுகாதார நிலையத்தில், மலேசியக் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். அங்கே பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க மருத்துவமனை மனநல நிபுணரிடம் போனால், ஒரு தடவைக்கு 5 வெள்ளிக்கு மேல் ஆகாது. காத்திருப்பு இழுக்கும், அதனால் இப்போதே தேதி வாங்கி வையுங்கள்.

அப்புறம் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். மனநல ஆலோசனைக்கும் முழு உடல் பரிசோதனைக்கும் சேர்த்து, வரி போடும் வருமானத்தில் 1,000 வெள்ளி வரை கழிவு உண்டு. ரொம்பவும் நம்பிவிட வேண்டாம்: 6 விழுக்காட்டு வரிப் படியில் இருந்தால் மிஞ்சுவது 60 வெள்ளிதான்.