ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

குலசேகரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நாகர்கோவில் அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்கிறேன், இப்போது ஆறாவது செமஸ்டர். எங்கள் கல்லூரிக்கு ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்துடன் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் இருக்கிறது. வரும் அக்டோபரில் ஏழாவது செமஸ்டரை அங்கே படிக்க என் பெயரைக் கொடுக்கலாம் என்கிறார் துறைத்தலைவர். அங்கே டியூஷன் ஃபீஸ் இல்லை. ஆனால் மார்க் எப்படி இங்கே ஏறும் என்று கேட்டால், "நீ போயிட்டு வா, அதெல்லாம் பாத்துக்கலாம்" என்கிறார். இப்படிப் போய்வந்த சீனியர் அக்கா ஒருவர் இன்று ஐந்து பேப்பரை அரியர் போல எழுதிக்கொண்டிருக்கிறார்.

அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர்தான். "எவ்வளவு வேணும், எப்ப வேணும், அத மட்டும் சொல்லு" என்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாஸ்போர்ட்டில் எனக்கு சர்நேம் இல்லை, மார்க் ஷீட்டில் இனிஷியல் இருக்கிறது. இது சிக்கலாகுமா? அம்மா இப்போதே கருவாடு, தேன் என்று கணக்குப் போடுகிறார்கள். அதையெல்லாம் கொண்டுபோக விடுவார்களா? உண்மையில் நான் போகலாமா?

ஒரு மாணவி, குலசேகரம்

அன்புள்ள மாணவிக்கு,

போகலாம். ஆனால் "பாத்துக்கலாம்" என்ற சொல்லை மட்டும் நம்பி விமானம் ஏறாதீர்கள். உங்கள் சீனியர் அங்கே நன்றாகவே படித்திருப்பார். தவறு அநேகமாக அவர் கிளம்புவதற்கு முன்பே இங்கே நடந்திருக்கும்.

பரிமாற்றத்தில் நீங்கள் கல்லூரி மாறுவதில்லை. இங்கேயே மாணவியாக இருக்கிறீர்கள், இங்கே ஃபீஸ் கட்டுகிறீர்கள், அதனால்தான் அங்கே டியூஷன் ஃபீஸ் இல்லை. பட்டமும் இங்கிருந்துதான் வருகிறது. அங்கே நீங்கள் எடுக்கும் கிரெடிட், இங்கே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் பதிவில் ஒரு பாடக் குறியீட்டுக்கு எதிரே ஏறினால்தான் உங்களுடையது. அதை ஏற்றும் அதிகாரம் துறைத்தலைவரிடம் இல்லை. உங்கள் கல்லூரி தன்னாட்சி பெற்றது என்றால் அதன் அகாடமிக் கவுன்சில் ஒப்புக்கொள்ள வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகமே ஒப்புக்கொள்ள வேண்டும், பிரின்சிபால் கையெழுத்து போதாது. முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இணைப்புக் கல்லூரி என்றால் இந்தக் கடிதப் போக்குவரத்துக்கே மாதங்கள் பிடிக்கும், இந்த மாதமே தொடங்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டிய தாள் லெர்னிங் அக்ரிமென்ட், அதாவது அங்கே எடுக்கும் பாடம் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்ற ஒப்பந்தம். மாணவி, இங்குள்ள கல்லூரி, அங்குள்ள பல்கலைக்கழகம் என்று மூன்று கையெழுத்து அதில் விழ வேண்டும். ஐரோப்பாவின் பொதுக் கிரெடிட் அளவு ஈசிடிஎஸ், அங்கே ஒரு செமஸ்டரின் முழுச்சுமை 30 ஈசிடிஎஸ் கிரெடிட். ஒரு ஈசிடிஎஸ் என்பது வகுப்பு, வீட்டுப்படிப்பு, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்ந்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் கிரெடிட் வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பு என்பதை வைத்து வருவது. இரண்டும் வேறு அளவுகோல் என்பதால், எத்தனை ஈசிடிஎஸ்ஸுக்கு இங்கே எத்தனை கிரெடிட் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பாடங்களைப் பொருத்துவது இப்படி. அந்தப் பல்கலைக்கழகத்தின் மாட்யூல் ஹேண்ட்புக்கை இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ளடக்கம், மொழி, ஈசிடிஎஸ், தேர்வு முறை, குளிர்காலத்தில் நடக்குமா கோடையில் நடக்குமா என்பதெல்லாம் அதில் இருக்கும். இங்குள்ள பாடத்தின் ஐந்து யூனிட்டையும் ஒரு பக்கம் எழுதி, அங்குள்ள தலைப்புகளை எதிரே எழுதுங்கள். இந்த ஒப்பீட்டை நீங்களே தயாரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் பாட ஆசிரியர் பார்த்து கையெழுத்திடுவார். அவரே தயாரிக்கட்டும் என்று விட்டால் அது மேசையிலேயே கிடக்கும். எலெக்டிவ் பாடங்கள் எளிதில் பொருந்தும். கோர் பாடமும் லேபும் பொருந்துவது கஷ்டம். பொருந்தாதவற்றை எப்போது, எப்படி முடிப்பது என்பதும் அதே ஒப்புதல் கடிதத்தில் இருக்கட்டும்.

தேவைக்கு மேல் இரண்டு மூன்று பாடங்களை மாற்றாக வைத்து அவற்றுக்கும் சேர்த்தே ஒப்புதல் வாங்குங்கள். ஏனென்றால் அங்கே போன முதல் வாரத்தில் ஒரு பாடம் நடக்காது என்பார்கள், அல்லது இரண்டு பாடம் ஒரே நேரத்தில் வரும். மாணவர்கள் அங்கேயே ஒருவரைக் கேட்டு வேறு பாடத்துக்கு மாறிக்கொள்கிறார்கள், ஊருக்குத் தெரிவிப்பதில்லை. திரும்பி வந்து தரும் மார்க் ஷீட்டில் இருக்கும் பாடம் இங்குள்ள பட்டியலில் இருக்காது. உங்கள் சீனியருக்கு நடந்தது இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பாடம் மாறினால் அதே வாரம் மாற்றப் படிவத்தில் மூன்று கையெழுத்தையும் மறுபடி வாங்கிவிடுங்கள்.

மொழியையும் இப்போதே பாருங்கள். ஜெர்மனியில் இளநிலைப் பாடங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். ஆங்கிலப் பாடங்கள் முதுநிலையில் அதிகம். பல்கலைக்கழகத்தின் தளம் ஆங்கிலத்தில் இருப்பதால் பாடமும் அப்படியே என்று எண்ணிவிடாதீர்கள். மாட்யூல் ஹேண்ட்புக்கில் மொழி என்ற வரியை மட்டும் பார்த்து வடிகட்டினால் மிஞ்சுவது நான்கைந்து பாடமாக இருக்கலாம். அது போதவில்லை என்றால், முதுநிலைப் பாடங்களை எடுக்க அனுமதி உண்டா என்று அங்குள்ள ஒருங்கிணைப்பாளருக்கு மெயில் எழுதிக் கேளுங்கள்.

அடுத்தது நாட்காட்டி. அங்கே குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்பு அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி நடுவில் முடியும், தேர்வுகள் அதன் பிறகும் நீளும். இங்கே அடுத்த செமஸ்டர் ஜனவரியையொட்டியே தொடங்கிவிடும். 75 சதவீத வருகைப்பதிவு விதி இருக்கும்போது ஆறேழு வாரம் போனால் மீளவே முடியாது. ஐந்தாவது செமஸ்டரில் போகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். ஏழாவதில் போவது உங்களுக்கு நல்லது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் எட்டாவது செமஸ்டர் ப்ராஜெக்ட் அல்லது இன்டர்ன்ஷிப் மட்டும்தான், தினசரி வகுப்பு இல்லை. ப்ராஜெக்டின் முதல் ரிவ்யூவை ஆன்லைனில் நடத்தவோ மார்ச்சுக்குத் தள்ளவோ ஒப்புதல் கடிதத்திலேயே ஒரு வரி கேளுங்கள்.

இதில் ஒரு நஷ்டம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஏழாவது செமஸ்டர்தான் கேம்பஸ் பிளேஸ்மென்ட் காலம். ஆகஸ்ட், செப்டம்பரில் வரும் கம்பெனிகளுக்கு நீங்கள் இங்கிருந்தே உட்காரலாம். அக்டோபருக்குப் பின் வருபவை கைநழுவும். கேம்பஸ் வேலைதான் வீட்டின் முதல் தேவை என்றால் இந்தப் பயணத்தை விட்டுவிடுவதில் எந்தக் குறைவும் இல்லை. மேலே படிக்கும் எண்ணம் இருந்தால் போங்கள்.

அப்பா கேட்டதற்கு வருகிறேன். விசாவுக்கு ஜெர்மனி கேட்பது பிளாக்டு அக்கவுண்ட், அதாவது அங்கே தங்கும் செலவை முன்பே போட்டு முடக்கிவைக்கும் கணக்கு. மாதத்துக்கு 992 யூரோ, ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் 5,95,200 ரூபாய். மாற்று விகிதம் ஏறினால் தொகையும் ஏறும். இது யாருக்கும் கட்டும் ஃபீஸ் இல்லை. உங்கள் பணம்தான், அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே வரும், அதில்தான் வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம். ஆனால் முழுத் தொகையும் விசாவுக்கு முன்பே, அதாவது ஜூன், ஜூலைக்குள், ஒரே நேரத்தில் கையில் இருந்தாக வேண்டும். அது தென்மேற்குப் பருவமழைக் காலம், ரப்பர் பால்வெட்டு தடைப்பட்டு ரப்பர் ஷீட் விற்கும் காசு மெலியும் நேரம். எனவே அந்த மாத வருமானத்தை நம்பாமல் இப்போதே திட்டமிடச் சொல்லுங்கள். நகையை வைப்பதென்றால் வட்டியைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு கேள்வியைக் கல்லூரியில் கேளுங்கள்: இந்த ஒப்பந்தம் வெறும் டியூஷன் ஃபீஸ் விலக்கு மட்டுமா, ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் பரிமாற்றத் திட்ட நிதியும் உண்டா? அந்த நிதி உண்டென்றால் மாதம் 800 முதல் 900 யூரோ வரை உதவித்தொகையும், தனியே பயணத்தொகையும் கிடைக்கும். உதவித்தொகைக் கடிதத்தைக் காட்டினால் பிளாக்டு அக்கவுண்டில் போட வேண்டியது பெருமளவு குறையும். இந்த ஒரு கேள்வியில் நகை வீட்டிலேயே இருக்கலாம்.

பணம் அனுப்பும்போது நடக்கும் தவறு ஒன்று. 5,952 யூரோவைக் கணக்காக அனுப்புவார்கள், நடுவில் ஒரு வங்கி பதினைந்து இருபது யூரோ பிடித்துக்கொள்ளும். தொகை குறைவதால் பணம் வந்ததற்கான உறுதிச்சான்று வராது, அது வராமல் விசா விண்ணப்பம் முழுமையாகாது. வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவம் நிரப்பும்போது எல்லாக் கட்டணமும் அனுப்புபவருக்கே என்பதைத் தேர்ந்து, மேலே 50 யூரோவாவது கூட்டி அனுப்புங்கள். நோக்கம் கல்வி என்றே எழுதுங்கள். பான் அட்டை வேண்டும். அப்பாவின் பெயரில் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்குள் அனுப்பினால் டிசிஎஸ் என்ற வரிப் பிடித்தம் இல்லை.

இது தவிர முதல் மாதத்துக்கு 1,500 யூரோவாவது ஃபாரெக்ஸ் கார்டில் இருக்கட்டும். அங்கே வங்கிக் கணக்குத் திறக்கும்வரை பிளாக்டு அக்கவுண்ட் பணம் வெளிவராது. முகவரிப் பதிவு இல்லாமல் கணக்குத் திறக்காத வங்கிகளும் உண்டு. அந்தப் பதிவுக்கோ, நீங்கள் குடியேறியதாக வீட்டு உரிமையாளர் தரும் தாள் வேண்டும். குடியேறிய 14 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். இதற்கிடையிலேயே விடுதி முன்பணம், முதல் வாடகை, செமஸ்டர் கட்டணம் எல்லாம் கேட்பார்கள். செமஸ்டர் கட்டணம் டியூஷன் ஃபீஸில் சேராது. ஊருக்கு ஊர் 100 முதல் 350 யூரோ வரை, பல இடங்களில் பஸ், ரயில் பாஸ் அதிலேயே அடங்கும். அரசு மருத்துவக் காப்பீடு மாணவர்களுக்கு மாதம் 140 யூரோவுக்கு மேல். ஊரில் எடுத்த பயணக் காப்பீடு விசாவுக்கும் முதல் சில வாரத்துக்கும்தான் உதவும். முகவரி பதிந்த சில வாரத்தில், வானொலி, தொலைக்காட்சிக்கான ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ என்று ஒரு கடிதம் வரும், அது மோசடிக் கடிதம் அல்ல. ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம்தான், கூட இருப்பவர் கட்டினால் அவருடைய எண்ணை எழுதி அனுப்பிவிடலாம். பகுதி நேர வேலையை நம்பி கணக்குப் போடாதீர்கள். ஆறு மாதத்தில் வேலை தேடிச் சேர்வதற்குள் தேர்வு வந்துவிடும்.

விசா விண்ணப்பம் சென்னைக்குத்தான் போக வேண்டும். திருவனந்தபுரம் கைக்கெட்டும் தூரம், ஆனால் கேரளம் பெங்களூர் தூதரகத்தின் எல்லையில் வருகிறது, உங்கள் முகவரியோ தமிழ்நாடு. நேரில் அழைத்தால் குழித்துறையில் அனந்தபுரி ரயில் ஏற வேண்டியதுதான். ஏபிஎஸ் சான்று, அதாவது இங்குள்ள கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் சான்று, முழுப் பட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு 2022 நவம்பர் முதல் கேட்கப்படுகிறது. உங்கள் வகைக்கு வேண்டுமா என்பதைத் தூதரகத்தின் பட்டியலில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஏஜென்ட் சொன்னார் என்று 18,000 ரூபாய் கட்டிவிட வேண்டாம். விசா கைக்கு வந்ததும் முடிவுத் தேதியைப் பாருங்கள். கடைசித் தேர்வு அதற்குள் வர வேண்டும். ஐந்து மாதத்துக்கு மட்டும் பணம் காட்டி விசாவையும் ஐந்து மாதமாகச் சுருக்கிக்கொள்ளாதீர்கள், தேர்வு மார்ச்சில் வந்தால் நிற்க வழியிருக்காது.

பெயர் நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் உள்ள சிக்கல். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருப்பது குற்றமில்லை. ஆன்லைன் படிவங்கள் சர்நேம் இல்லாமல் நகராது என்பதால் ஒரு படிவத்தில் அப்பா பெயர், இன்னொன்றில் புள்ளி, வேறொன்றில் இனிஷியல் என்று போட்டுவிடுவதுதான் தவறு. பிறகு அழைப்புக் கடிதத்தில் ஒரு பெயர், பிளாக்டு அக்கவுண்டில் ஒரு பெயர், டிக்கெட்டில் ஒரு பெயர். அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பாஸ்போர்ட் நகலை அனுப்பி, சர்நேம் கட்டத்தில் என்ன போட வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதையே எல்லா இடத்திலும் போடுங்கள். மார்க் ஷீட்டின் இனிஷியலுக்கு, இரண்டு பெயரும் ஒரே நபருடையது என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் போதும். பாஸ்போர்ட்டையே மாற்ற வேண்டுமென்று நினைத்தால் இந்த மாதமே திருநெல்வேலி சேவா கேந்திராவுக்குப் போய்விடுங்கள். எண் மாறினால் பழைய எண்ணில் செய்த எல்லாவற்றையும் திருத்த வேண்டிவரும்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: கருவாடு கொண்டுபோகலாம், ஐரோப்பிய ஒன்றிய விதியில் மீன் வகைக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி. மார்த்தாண்டம் தேன் 2 கிலோ வரை. இறைச்சியும் பால் பொருளும் கூடவே கூடாது, நெய்யும் அதில் சேரும். பழங்களில் வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஐந்துக்கும் தாவரச் சான்று வேண்டாம், ஆகவே நம் ஊர் மட்டி வாழைப்பழம் தாராளமாக. பச்சைக் கறிவேப்பிலை கூடாது, பொடியாக்கிக் கொடுங்கள். கொப்பரையைப் பெட்டியில் வைத்தால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள், எண்ணெய்ப்பசையால் எளிதில் தீப்பிடிக்கும் பொருள் அது.

அங்கே போனபின் மறக்கக்கூடாத ஒன்று தேர்வுப் பதிவு. வகுப்புக்குப் பதிவது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. இங்கே ஹால் டிக்கெட் கல்லூரி வழியாக வந்துவிடும், அங்கே நீங்களே கடைசித் தேதிக்குள் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் நான்கு மாதம் ஒழுங்காக வகுப்புக்குப் போயிருந்தாலும் கிரெடிட் இல்லை.

மதிப்பெண் அங்கே தலைகீழ். 1.0 சிறந்தது, 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. நம் மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு மாற்றும் பவேரிய சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், 10 உச்சம், 5 தேர்ச்சி என்று கொண்டு, அங்கே 2.0 என்பது இங்கே 8.33. உங்கள் கல்லூரி எந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தும், 8.33 ஏ கிரேடா ஏ பிளஸ்ஸா என்பதைப் புறப்படும் முன் எழுதி வாங்குங்கள். மார்க் வந்தபின் கேட்டால் அவரவர் மனம் போல் போடுவார்கள்.

திரும்பும் வாரத்தில் முகவரிப் பதிவை ரத்து செய்து தாளை வாங்குங்கள், காப்பீட்டை நிறுத்த அது உதவும். விடுதி முன்பணம் உங்கள் கணக்குக்கு வரும்வரை ஜெர்மன் வங்கிக் கணக்கை மூடாதீர்கள். மார்க் ஷீட் உடனே வராது, தேர்வு முடிந்து வாரங்கள் ஆகும். சீலிட்ட மூலப் பிரதியும், நேராக இங்குள்ள தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு ஒரு மெயிலும் அனுப்பும்படி அங்குள்ள சர்வதேச அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். எட்டாவது செமஸ்டர் முடிவு வெளியாகும் முன் அது இங்கே பதிவாகியிருக்க வேண்டும்.