முட்டைக்கு எந்தக் கோழி?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் காலி இடம் இருக்கிறது. குடும்பத்துக்கு வேண்டிய முட்டைக்காக ஐந்தாறு கோழிகள் வளர்க்க விரும்புகிறேன். சிறுவிடை, வனராஜா, கிராமப்பிரியா ஆகியவற்றில் எது ஏற்றது?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: முட்டை மட்டுமே நோக்கம் என்றால் கிராமப்பிரியாவைத்தான் சொல்வேன். ஹைதராபாத்திலுள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககம் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய இந்தக் கோழி, மேய்ச்சலோடு கொஞ்சம் தீவனமும் கிடைத்தால் ஆண்டுக்கு 160 முதல் 180 முட்டைகள் வரை இடும். அதே நிறுவனத்தின் வனராஜா, முட்டைக்கும் இறைச்சிக்கும் பொதுவானது. ஆண்டுக்கு 100 முதல் 120 முட்டைகள் கிடைக்கும். உடல் கனம் கூடியது என்பதால் நாயோ கீரியோ துரத்தினால் பறந்து தப்புவது அதற்குக் கடினம்.

சிறிய உடல்வாகுள்ள நாட்டுக்கோழியான சிறுவிடை ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைகளே இடும். ஆனால் இதைக் குறையென்று ஒதுக்கிவிடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு முட்டைகள் இட்டதும் அடையில் உட்கார்ந்து, 21 நாள் அடைகாத்துக் குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சுகளைக் கொத்தி விலக்கும் வரை அது முட்டையிடாது என்பதால்தான் எண்ணிக்கை குறைகிறது. கிராமப்பிரியா பெரும்பாலும் அடைக்கு உட்காராது. அதன் முட்டைக் கணக்கு உயர்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே அதை மட்டும் வளர்ப்பவர், கோழிகளுக்கு வயதானதும் மறுபடியும் குஞ்சுகளை விலைக்கு வாங்கியாக வேண்டும். அதன் முட்டைகளை வேறு கோழியிடம் அடை வைத்துப் பொரிக்கலாம் என்றாலும், அடுத்த தலைமுறையில் தாயின் முட்டைத் திறன் அப்படியே வராது.

எனவே நான்கு கிராமப்பிரியாக்களோடு இரண்டு சிறுவிடைக் கோழிகளும் ஒரு சிறுவிடைச் சேவலும் வைத்துக்கொள்ளுங்கள். அன்றாட முட்டைக்கு முன்னது, குஞ்சுக்குப் பின்னது. எந்த இனமானாலும் வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் தடுப்பூசியும் தவறக் கூடாது. இந்த நோய் புகுந்தால் கூண்டே காலியாகிவிடும். முட்டையிடும் பருவத்தில் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்; இல்லையேல் ஓடு மெலிந்து முட்டை உடையும்.

கேள்வி: பழுப்பு முட்டையில் சத்து அதிகமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: இல்லை. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. மஞ்சள் கருவின் நிறம் தீவனத்தைப் பொறுத்தது. கீரையும் புல்லும் மேயும் கோழிக்கு அது அடர்ந்திருக்கும்.