ஒரு கீற்று மிஞ்சினால்

கேள்வி: 2026 ஆகஸ்ட் 12 முழு சூரிய கிரகணத்துக்காக ஸ்பெயின் போகிறோம். மாட்ரிட்டில் அறை போட்டாயிற்று. அங்கேயே 99 சதவீதத்துக்கு மேல் மறைந்துவிடுமாமே, மிச்சத்துக்காக வடக்கே புர்கோஸ் வரை அலையத்தான் வேண்டுமா?

பதில்: அலையாவிட்டால் நீங்கள் பார்ப்பது முழு கிரகணமே அல்ல. சூரியனின் வெளிச்சம் முழுநிலவைப்போல் சுமார் 4 லட்சம் மடங்கு. ஒரு சதவீதம் மிஞ்சினால் 4,000 நிலவு. அதிலும் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது என்றாலும் 400. சூரியனைச் சுற்றியுள்ள மெல்லிய ஒளிவட்டமான கரோனாவோ மொத்தமாகச் சேர்த்தே ஏறத்தாழ ஒரு நிலவுதான். அந்தக் கீற்று இருக்கும்வரை கரோனா தெரியாது, கிரகணக் கண்ணாடியைக் கழற்றவும் கூடாது. பார்சிலோனாவும் இதேபோல் முழு கிரகணப் பாதைக்குச் சற்று வெளியே. ஏமாற நிறையப் பேர் காத்திருக்கிறார்கள்.

புர்கோஸில் முழு மறைவு சுமார் ஒன்றே முக்கால் நிமிடம் கிடைக்கும். பாதையின் மையக்கோட்டில்தான் நிற்பேன் என்று அடம்பிடிக்க வேண்டாம். மையத்துக்கும் விளிம்புக்கும் சரிபாதியில் நின்றாலும் மையத்தில் கிடைக்கும் நேரத்தில் 87 சதவீதம் உண்டு; விளிம்பை நெருங்கும்போதுதான் மளமளவென்று குறையும். மேகமில்லாத பக்கம் நகர்வதே புத்திசாலித்தனம்.

உண்மையான வில்லன் அடிவானம். மாலை எட்டரை மணிக்குச் சூரியன் வெறும் 10 டிகிரி உயரத்தில் இருக்கும்: கையை நீட்டி மடக்கிய முஷ்டியின் அகலம், அவ்வளவுதான். மயோர்க்கா தீவில் 2 டிகிரிதான். மேற்கே ஒரு மாடிக் கட்டடமோ மேடோ இருந்தால் கதை முடிந்தது. முதல் நாளே அதே நேரத்துக்கு, நிற்கப்போகும் இடத்திலேயே நின்று பாருங்கள். ஒரு நாளில் சூரியன் இடம் மாறுவது அரை டிகிரிகூட இல்லை.

ஐஎஸ்ஓ 12312-2 என்ற பாதுகாப்புத் தர முத்திரையுள்ள கண்ணாடியை, வைர மோதிரம் எனப்படும் கடைசி ஒளிப்பொட்டு அணைந்ததும் கழற்றி, மறுபக்கம் ஒளி துளிர்த்த கணமே மாட்டுங்கள். அதைப் போட்டுக்கொண்டு பைனாகுலருக்குள் மட்டும் பார்த்துவிடாதீர்கள்; லென்ஸ் குவிக்கும் வெப்பம் கண்ணாடியைப் பொசுக்கிவிட்டுக் கண்ணுக்கு வரும். சூரிய ஒளி வடிகட்டி பைனாகுலரின் முன்வாயில் இருக்க வேண்டும்.

அன்றிரவே மாட்ரிட் திரும்பும் நினைப்பை விடுங்கள். வரும்போது இரண்டு நாளாகப் பிரிந்து வந்த வண்டிகள் எல்லாம் போகும்போது ஒரே மணி நேரத்தில் கிளம்பும். அறையை 13-ஆம் தேதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.