இறவாரத்தின் அடிப்பலகை மக்கினால் எதைப் போடுவது?

ஃபைபர் சிமெண்ட் போர்டு (சிமெண்டில் நார் கலந்து செய்த பலகை) போடுங்கள், 6 மி.மீ. கனம் போதும். மூன்றே வருடத்தில் மக்கிப்போன அடிப்பலகைக்குப் பதிலாக மரைன் பிளைவுட்டா, பிவிசி பேனலா என்று கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவில் மழைக்கு, ஓட்டுவீட்டு இறவாரத்துக்கு அடியில் இரண்டையுமே நான் போட மாட்டேன். ஈரம் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தர முத்திரை ஐஎஸ் 710 உள்ள மரைன் பிளைகூட, வெட்டிய விளிம்பில் ஈரம் தங்கிக்கொண்டே இருந்தால் கெட்டுப்போகும். பிவிசி மக்காது, ஆனால் வெயிலில் நீளும். இடம் விடாமல் அடித்தால் வளைந்து தொங்கும். சிமெண்ட் போர்டு மக்காது, கரையானும் அரிக்காது.

ஆனால் மூன்றே வருடத்தில் பலகை போய்விட்டது என்றால், தண்ணீர் எங்கிருந்தோ உள்ளே வருகிறது. பெரும்பாலும் கடைசி வரிசை ஓட்டில் விரிசல் இருக்கும், இல்லையென்றால் இலை அடைத்த மழைநீர்த் தூம்பு நிரம்பி உள்பக்கம் வழியும். பழைய பலகையைக் கழற்றியதும், ஒருவரை ஏணியில் நின்று ஹோஸால் ஓட்டின் மேல் தண்ணீர் விடச் சொல்லி, கீழிருந்து பாருங்கள்.

அப்புறம் ஓட்டைத் தாங்கும் சாய்வு மரமான கைமரம் ஒவ்வொன்றின் நுனியிலும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் முதலில் அந்த மரத்தைச் சரிசெய்ய வேண்டும். சிமெண்ட் போர்டு கனம். மக்கிய மரத்தில் திருகு நிற்காது.

பொருத்தும்போது இரண்டு போர்டுகளுக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். கடல்காற்று வருவதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுதான். சுவர் ஓரமாக ஒரு விரல் அகலம் விட்டு வலை அடித்தால் உள்ளே காற்று ஓடி மரம் காயும்.

ஒன்று மட்டும் கவனம்: சிமெண்ட் போர்டை மெஷினில் வெட்டினால் பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும். என்95 முகக்கவசம் இல்லாமல் ஆசாரியை வெட்ட விடாதீர்கள்.