பதிவேட்டின் ஓரத்தில் எழுதப்பட்டவை

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பெங்களூரில் கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவன். ஸ்ரீராமபுரத்தில் தமிழ் மன்றம் ஒன்று நடத்தும் சிறு நூலகத்துக்கு மென்பொருள் செய்து தருவதை எங்கள் நால்வர் குழு புராஜெக்டாக எடுத்துக்கொண்டிருக்கிறது. மென்பொருள் எதையெல்லாம் செய்ய வேண்டும் என்று கண்டறியும் தேவைப் பகுப்பாய்வுக்காகக் கூகுள் ஃபார்ம் ஒன்றை வகுப்பு நண்பர்களுக்கு அனுப்பிப் பதில்களைத் தொகுத்தோம். சீனியர்களின் ஆவணத்தைப் பார்த்து உள்நுழைவு, நூல் சேர்த்தல், வழங்கல், திரும்பப் பெறல், அபராதம் என்று எழுதினோம். எங்கள் கைடு “இவை யாருடைய தேவைகள்?” என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரோ, “எதுவானாலும் சரி தம்பி, செய்து கொடுங்கள்” என்கிறார். நாங்கள் என்ன கேட்க வேண்டும்? எவ்வளவு கேட்டால் போதும்?

ஒரு மாணவர், பெங்களூரு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கைடு கேட்டது சரியான கேள்வி. உங்கள் படிவத்தை நிரப்பியவர்களில் பெரும்பாலோர் அந்த நூலகத்தின் படியேறியிருக்க மாட்டார்கள். அவர்கள் சொன்னது ஒரு செயலியில் தாங்கள் பார்த்துப் பழகிய வசதிகளை. நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை எத்தனை பேர் ஒப்புக்கொள்கிறார்கள் என்று எண்ணுவதற்குப் படிவம் பயன்படும். நமக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்பதை அது சொல்லாது, ஏனெனில் கேள்விகளை எழுதியவர்கள் நாம்.

பெரியவரின் பதிலை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல ஆண்டுகளாகக் கைப்பழக்கத்தில் செய்துவரும் வேலையை வசதிகளாகப் பிரித்துச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. அப்படிப் பிரிப்பது உங்கள் வேலை. ஆகவே “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்காமல், “போன ஞாயிற்றுக்கிழமை யார் யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், எது கிடைக்காமல் திரும்பினார்கள்?” என்று கேளுங்கள். அதைவிட நல்லது, கூட்டம் வரும் நாளில் அவர் மேசைக்குப் பக்கத்தில் மடிக்கணினி இல்லாமல் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, இடையில் பேசாமல் பார்ப்பது.

பிறகு அவருடைய பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கட்டங்களுக்குள் இருக்கும் நூல் எண், பெயர், தேதி ஆகியவை உங்கள் தரவுத்தளத்தின் அட்டவணைகளாகும் என்பது எளிதில் விளங்கிவிடும். நான் உங்களை நிதானமாகப் படிக்கச் சொல்வது கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில், வேறு மையில் எழுதப்பட்டவற்றை: ‘மகளிடம் கொடுத்தனுப்பினார்’, ‘அட்டை கிழிந்தது, பைண்டிங்குக்குப் போயிருக்கிறது’, ‘ஊருக்குப் போயிருக்கிறார், பொங்கலுக்குப் பின் தருவார்’ என்பது போன்ற குறிப்புகள் அங்கே இருக்கக்கூடும். அச்சடித்த பதிவேட்டில் இடம் இல்லாததால் ஒரு மனிதர் தானாகவே ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடுகள் இவை. ஓரக்குறிப்பு ஒவ்வொன்றும் ஒரு தேவை. உங்கள் மென்பொருளில் அதற்கு இடம் இல்லையென்றால் அவர் பழைய பதிவேட்டையும் சேர்த்தே எழுதிக்கொண்டிருப்பார். இரட்டை வேலை தாங்காமல் ஒரு நாள் கணினியை மூடிவிடுவார். அபராதத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். தெரிந்த முகங்களிடம் அவர் அபராதமே வாங்குவதில்லை என்றால், அந்தப் பகுதியை எழுதி ஏன் நேரத்தைச் செலவிட வேண்டும்?

அலமாரிகளிலும் கை வையுங்கள். பார்கோடை ஸ்கேன் செய்து நூல் விவரத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்று உங்கள் குழுவில் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பார்கோடில் இருக்கும் நூல் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். சர்வதேசத் தரமாக வந்ததே 1970இல்தான்; பழைய தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் அந்த எண் கிடையாது. வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து வீடுகளில் பைண்டு செய்த தொகுதிகளை யாராவது நன்கொடையாகக் கொடுத்திருந்தால், அவற்றுக்குப் பதிப்பகமோ பதிப்பாண்டோகூட இருக்காது. ‘பதிப்பகம் கட்டாயம்’ என்று படிவத்தில் நீங்கள் வைத்தால் அப்படிப்பட்ட நூல் உள்ளேயே வராது.

தமிழ் என்பதால் எழும் தேவைகளை உங்களிடம் யாரும் கேட்க மாட்டார்கள். அவை சரியாக இல்லாதபோதுதான் தெரியவரும். கல்கியை ரா. கிருஷ்ணமூர்த்தி என்று தேடினாலும் கிடைக்க வேண்டும். தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளியோ இடைவெளியோ விட்டாலும் விடாவிட்டாலும் கிடைக்க வேண்டும். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில், மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளிக்குரிய எண் மெய்யெழுத்துகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பதால், எண் வரிசைப்படி அடுக்கினால் ‘பகல்’ முதலிலும் ‘பக்கம்’ பிறகும் வரும். நம் அகராதிகளில் ‘பக்கம்’ முன்னால் வரும். அகராதி வரிசையில் பழகிய வாசகர் இல்லாத இடத்தில் தேடிவிட்டுப் போய்விடுவார். பழைய பட்டியல் ஏதேனும் எக்செல் கோப்பாக இருந்தால், அது யூனிகோடில் உள்ளதா, பாமினி போன்ற, யூனிகோடைப் பின்பற்றாத எழுத்துருவில் தட்டச்சானதா என்பதை முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். பின்னதாக இருந்தால் மாற்றும் வேலையே பெரிய வேலையாகிவிடும்.

ஆய்வு என்பதில் ஏற்கெனவே இருப்பவற்றை அறிவதும் அடங்கும். நியூசிலாந்தின் நூலகம் ஒன்றுக்காக எழுதப்பட்டு 2000ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த கோஹா என்ற நூலக மென்பொருள் இன்று யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடியது. நம் தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயா என்ற நூலக மென்பொருளும் இருக்கிறது. கோஹாவை நிறுவி அந்த நூலகத்தின் சில நூல்களை ஏற்றிப் பாருங்கள். அதுவே போதும் என்று தெரிந்தால் அப்படியே எழுதி, பழைய பட்டியலை மாற்றித் தருவதையே உங்கள் புராஜெக்டாக மாற்றிக்கொள்ளலாம். போதாது என்றால், சர்வரைப் பராமரிக்க ஆள் இல்லை என்பது போன்ற காரணத்தைக் குறிப்பாக எழுதுங்கள்.

சீர்காழியில் பிறந்து, சென்னையில் கணிதம் கற்பித்து, பின்பு நூலகத்துறைக்கு வந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1962இல் ஆவணப்படுத்தல் ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவியது உங்கள் ஊரில்தான். 1931இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது. உங்கள் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் அதன்முன் நிறுத்திக் கேளுங்கள். உள்நுழைவுப் பக்கம் யாருடைய நேரத்தைக் காக்கிறது? ஒருவர் மட்டுமே இயக்கும் கணினியில் அது எந்த அளவுக்குத் தேவை?

எழுதும்போது சோதிக்க முடியாத வாக்கியம் எதையும் விடாதீர்கள். ‘தேடல் எளிமையாக இருக்க வேண்டும்’ என்பதைச் சோதிக்க முடியாது. ‘தலைப்பெழுத்தை விட்டுவிட்டு ஆசிரியர் பெயரை மட்டும் தட்டினாலும் அவருடைய எல்லா நூல்களும் அகர வரிசையில் வர வேண்டும்’ என்பதைச் சோதிக்கலாம். பக்கத்திலேயே அது எங்கிருந்து வந்தது என்றும் குறியுங்கள்: பெரியவர் சொன்னதா, பதிவேட்டில் கண்டதா, நீங்களே ஊகித்ததா? ஊகங்கள் மிகுதியாக இருந்தால் இன்னும் ஒருமுறை போக வேண்டும் என்று பொருள். புதிதாகப் போன நாளில் புதிய விதிவிலக்கு எதுவும் அகப்படாவிட்டால், எவ்வளவு கேட்டால் போதும் என்ற உங்கள் கேள்விக்கு அதுவே விடை.

உறுப்பினர்களின் முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றில் தேவையானதை மட்டும், அவர்கள் சம்மதத்துடன் வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வற்புறுத்துவதும் இதைத்தான். ஒருவர் எதைப் படித்தார் என்ற வரலாற்றை, நூல் திரும்பி வந்த பின் வைத்திருக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் ஆவணத்தில் இருக்க வேண்டிய இன்னொன்று, நீங்கள் நால்வரும் படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகு அந்த மென்பொருளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது. எந்த நேரத்திலும் முழுப் பட்டியலையும் ஒரே பொத்தானில் எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ளவும் தாளில் அச்சிட்டுக்கொள்ளவும் வசதி வேண்டும். அதை முதல் பக்கத்திலேயே எழுதி, பெரியவரிடம் படித்துக் காட்டி, அவர் ஒப்புதலைப் பெற்ற பிறகு கைடிடம் கொடுங்கள்.